புதுக்கடையிற் புகுந்த கணனி



கணனியைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் பொறியியலாளன் அல்லேன். கணித வல்லுநனும் அல்லேன். கொழும்பு புதுக்கடையிலே, ஒரு சட்டத்தரணியின் கந்தோரில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதுவினைஞனாய் இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் வெள்ளவத்தையிற் பஸ் ஏறுவதும் மாலையில் வெள்ளவத்தையில் வந்து இறங்குவதுமே என் உலக யாத்திரை. ஆயினும் பின்னர் யோசித்துப் பார்த்தேன். கணனியை ஆக்குவோரைக் காண விரும்புவோர் பல்கலைக்கழகத்துக்கோ பெரிய கம்பனிகளுக்கோ போகலாம். கணனியினால் அலைக்கழிந்தோரைக் காண விரும்புவோர் புதுக்கடைக்குத்தான் வர வேண்டும். அவர்கள் கையில் ஒரு கடதாசிக் கட்டுடன், வெயிலிலே, "சத்தியக் கடதாசி எங்கே முடிக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களுள் பலர் என் மேசைக்கு முன்னால் அமர்ந்து எழும்பியவர்கள். அந்த உரிமையோடு இன்று பேச வந்திருக்கிறேன்.

புதுக்கடையை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க வந்த ஒல்லாந்தப் படையின் தளபதி ஜெராட் ஹல்ப்ட் என்பவர், 1656 ஆம் ஆண்டு, அந்த முற்றுகையிலே உயிர் நீத்தார். அவர் பெயரால் ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் என வழங்கும் இடத்தையே நாம் புதுக்கடை என்கிறோம். பெயரிலே கடை உண்டு. ஆனால் அங்கே காய்கறி வாங்கப் போனவர் வெறும் பையுடன்தான் திரும்புவார். நீதிமன்றங்களும், சட்டக் கல்லூரியும், வரிசை வரிசையாகச் சட்டத்தரணிகளினதும் நொத்தாரிசுமாரினதும் கந்தோர்களும் அங்கே உள்ளன. அவற்றின் இடுக்குகளிலே முத்திரை விற்போரும் தட்டச்சாளரும் இருந்து பிழைத்தார்கள். கடதாசியே அவ்வூரின் விளைச்சல். கடதாசி விளையும் ஊருக்குள்ளே கணனி நுழைவது, கரும்புத் தோட்டத்துள் யானை நுழைவது போன்றதென்று அப்பொழுது பலர் அஞ்சினர். யானை நுழைந்தது. ஆனால் கரும்பு குறையவில்லை. முன்னையிலும் அதிகமாக விளைந்தது. முன்பு ஒரு மனுவிற் பிழை நேர்ந்தால் வெள்ளை மை பூசித் திருத்துவோம். கணனி வந்த பின் ஒரு காற்புள்ளிக்காக நாற்பது பக்கத்தையும் மீள அச்சிடுகிறோம். கடதாசியில்லாக் கந்தோர் வரப்போகிறது என்று கணனி விற்க வந்த இளைஞர் சொன்னார். அவர் அதைச் சொல்லி முடித்து நீட்டிய விலைப்பட்டியல் பன்னிரண்டு பக்கம்!

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கந்தோரிலே இரண்டு தட்டச்சுப் பொறிகள் இருந்தன. ஒன்று ஆங்கிலம், மற்றது தமிழ். தமிழ்ப் பொறி என்பது இலேசான காரியம் அன்று. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில் எப்படி அடக்குவது? அதற்கு வழி கண்டவர் நம்மவர். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலே 1886 ஆம் ஆண்டு பிறந்து, சிங்கப்பூரிலே வாழ்ந்த இராமலிங்கம் முத்தையா என்பவர் அவர். சில விசைகளை அடித்தாற் பொறி நகராது நிற்குமாறு அவர் ஓர் உபாயம் செய்தார். புள்ளியை அடித்தால் வண்டி அசையாது. அதன்பின் ககரத்தை அடித்தால் புள்ளிக்குக் கீழே ககரம் வந்து குந்திக்கொள்ளும். தலைப்பாகையை முதலில் அந்தரத்தில் நிறுத்திவிட்டு, ஆளைப் பின்னர் அதன் கீழே கொண்டுவந்து நிறுத்துவது போன்ற வித்தை அது. ஜெர்மனியிற் செய்யப்பட்ட அப்பொறிகள் தமிழ் நாடெங்கும் ஈழமெங்கும் பரவின.

எங்கள் கந்தோரின் மூத்த தட்டச்சாளரை நாங்கள் மாஸ்டர் என்று அழைப்போம். புதுக்கடையிலே தட்டப்பட்ட எந்தக் கடதாசியையும் அவரிடம் காட்டினால், கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்து, "இதன் ழகரத்துக்கு வால் மழுங்கியிருக்கிறது, இது மூலைக் கந்தோர்ப் பொறி" என்பார். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு மழுங்கிய பல் இருந்தது; அப்பல்லுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். பிழை நேர்ந்தால் எந்த வாசற்படியில் ஏறிச் சண்டை பிடிக்க வேண்டுமென்பது எல்லோருக்கும் தெரியும். இதனை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கணனி யுகத்திலே நான் மிகவும் இழந்து தவிப்பது அந்த வாசற்படியைத்தான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களின் முன், கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். கணவர் காலமாகிவிட்டார். அவருடைய பெயரைக் கந்தையா என்று வைத்துக்கொள்வோம். அவருக்குரிய பணம் ஓர் அலுவலகத்திலிருந்து ஆச்சிக்கு வர வேண்டும்; நான்கு மாதமாகியும் வரவில்லை. காரணம் யாதெனின், விவாகப் பதிவிலே கந்தையாவை ஆங்கிலத்தில் எழுதியவர் ஓர் 'ஏ' எழுத்தைக் குறைத்து எழுதிவிட்டார். அடையாள அட்டையை எழுதியவர் அதே 'ஏ'யைத் தாராளமாகச் சேர்த்துவிட்டார். முன்னாளில் இத்தகைய கடதாசி ஒரு பழைய எழுதுவினைஞரின் கைக்குப் போகும். அவர் இரண்டையும் மேலுங்கீழும் பார்ப்பார். ஆச்சியின் முகத்தையும் பார்ப்பார். "ம்" என்று சொல்லி ஓர் அடிக்கோடு போடுவார். காரியம் முடிந்தது. இப்பொழுது அங்கே இருந்த பெண்பிள்ளை மிகவும் பணிவாக, "சிஸ்டம் ஏற்குதில்லை, அம்மா" என்று சொல்லிவிட்டாராம். விநாடிக்குக் கோடி கணக்குப் போடும் பொறி, ஓர் 'ஏ' கூடியவரும் ஓர் 'ஏ' குறைந்தவரும் ஒரே மனிதர் என்பதை அறிய, அறுபத்தெட்டு வயதான ஒரு விதவையைச் சத்தியம் செய்ய அனுப்பியிருந்தது.

ஆச்சியின் மருமகன் கெட்டிக்காரர். சத்தியக் கடதாசியைத் தாமே வீட்டிற் தமிழில் அடித்து, விரலளவான ஒரு நினைவகத்திற் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் கந்தோர்க் கணனியிலே அதைச் செருகி அச்சிட்டேன். வந்த கடதாசியை ஆச்சி வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, இதென்ன பாஷை? இங்கிலீசோ?"

"இல்லை ஆச்சி, தமிழ்தான்."

"இதோ தமிழ்?"

ஆச்சி கேட்டதிற் பிழையில்லை. தமிழ் என்ற சொல்லே அந்தக் கடதாசியில் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்று அச்சாகியிருந்தது. அம்மா என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகியிருந்தது. காரணம் இதுதான். பாமினி முதலான பழைய எழுத்துருக்கள் உண்மையில் ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் வேடம் போட்டவை. ஜே என்னும் எழுத்துக்குத் தகரத்தின் உடுப்பைப் போட்டு மேடையேற்றிவிட்டார்கள். வேடம் இருக்கும் வீட்டிலே அது தகரம். வேடம் இல்லாத வீட்டிலே ஜே. ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஒரு வேடத்தைத் தைத்துக்கொண்டது. ஒருவர் அனுப்பிய தமிழை மற்றவர் வாசிக்க முடியாத விந்தையிலே நாம் பல ஆண்டுகள் வாழ்ந்தோம். உலக எழுத்துக்கள் அனைத்துக்கும் தனித்தனி இலக்கம் கொடுக்கும் யூனிகோட் என்னும் முறை 1991 ஆம் ஆண்டே தன் முதற் பதிப்பிற் தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கிவிட்டது. எனினும் பாமினியைக் கைவிட நம்மவர்க்கு மனம் வரவில்லை. விரலுக்குப் பழகிய விசைப்பலகையை விடுவது, நாவுக்குப் பழகிய குழம்பை விடுவதிலும் கடினம் போலும். மருமகன் பாமினியில் அடித்திருந்தார். எங்கள் கணனியிலே அண்மையில் நிகழ்ந்த ஏதோ புதுப்பித்தலின்போது பாமினி காணாமற் போயிருந்தது. ஆச்சியை இருக்கச் சொல்லிவிட்டு, நான் அதை மீண்டும் நிறுவப் புறப்பட்டேன்.

அப்பொழுது திரையிலே ஒரு நீண்ட ஒப்பந்தம் தோன்றிற்று. அடியிலே "ஒப்புக்கொள்கிறேன்" என்றொரு பொத்தான். நேயர்களே, நீங்களும் அதை எத்தனை முறை அழுத்தியிருப்பீர்கள்! எத்தனை முறை வாசித்திருப்பீர்கள்? நான் உறுதி எழுதும் கந்தோரில் முப்பது ஆண்டு இருந்தவன். ஒரு முறையேனும் வாசித்ததில்லை. வெட்கத்தோடு சொல்லுகிறேன்.

இந்நாட்டிலே 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்றொன்று உண்டு. கொட்டாஞ்சேனையில் அரைப் பேர்ச் நிலத்தை விற்பதானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். அதே வேளையில் இரண்டு சாட்சிகளும் உடனிருக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. வெள்ளைக்காரர் ஆட்சியிற் பிறந்த சட்டமாயினும் மனித சுபாவத்தை நன்கு அறிந்த சட்டம். இனி மறுபக்கத்தைக் கேளுங்கள். பிரித்தானியாவிலே கணனி விளையாட்டுக்கள் விற்றுவந்த கேம்ஸ்டேஷன் என்னும் நிறுவனம், 2010 ஏப்ரல் முதலாந் தேதி, தன் ஒப்பந்தத்திலே ஒரு புதிய வாசகத்தைச் சேர்த்தது. பொருளை வாங்குபவர் தம் அழியாத ஆன்மாவையும் கம்பனிக்கு எழுதிக் கொடுக்கிறார் என்பதே அது. ஏறக்குறைய 7,500 பேர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்கள். ஆன்மாவைக் கொடுக்க விரும்பாதோர் அழுத்துவதற்கென ஒரு பெட்டியும் இருந்தது. அதை அழுத்தியவருக்கு ஐந்து பவுண் பரிசும் இருந்தது. முட்டாள்கள் தினத்து வேடிக்கையாதலாற் கம்பனி பின்னர் அந்த ஆன்மாக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அரைப் பேர்ச் நிலத்துக்கு நொத்தாரிசும் இரு சாட்சியும். ஆன்மாவுக்கு ஒரு சொடுக்கு! எங்கள் மாஸ்டர் இருந்திருந்தால், "முத்திரை ஒட்டினார்களா?" என்று கேட்டிருப்பார்.

அப்பிள் கம்பனி பாட்டுக் கேட்பதற்கென வெளியிட்ட ஐடியூன்ஸ் என்னும் மென்பொருளின் ஒப்பந்தத்திலே, இதைக்கொண்டு அணுவாயுதமோ ஏவுகணையோ செய்யமாட்டேன் என்ற வாக்குறுதியும் இருந்தது. என் பேரன் நாதஸ்வரம் கேட்பதற்காக அதை நிறுவினான். அன்றுமுதல் எங்கள் வெள்ளவத்தை வீட்டிலே ஏவுகணை செய்யும் எண்ணத்தை அடியோடு கைவிட்டிருக்கிறோம்.

இவையெல்லாம் சிரிப்புக்கு. ஆனால் எல்லா ஒப்பந்தத்திலும் தவறாமல் வரும் ஒரு வாசகம் உண்டு. மென்பொருள் உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது. அதனால் விளையும் நட்டத்துக்குக் கம்பனி பொறுப்பன்று என்பதே அது. வீடு கட்டிய மேசன், "கூரை விழுந்தால் என்னைக் கேளாதே" என்று எழுதி வாங்கிக்கொண்டு போனால் நாம் விடுவோமா? கணனிக்காரரை விட்டுவிடுகிறோம். 2024 ஜூலை 19 ஆந் தேதி, கிறவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்புக் கம்பனி, கணனிகளைக் காப்பதற்கென அனுப்பிய ஒரு சிறிய கோப்பிலே பிழை இருந்தது. விண்டோஸ் இயங்கிய கணனிகளுள் 85 இலட்சம் நீலத் திரையுடன் நின்றுவிட்டதாக மைக்ரோசொப்ட் கம்பனியே மதிப்பிட்டது. விமானங்கள் பறக்கவில்லை, ஆஸ்பத்திரிகளிலே வைத்தியம் தடைப்பட்டது. திருடன் வரவில்லை, காவற்காரனே கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டு மயங்கி விழுந்துவிட்டான். விசித்திரம் என்னவெனில், கையால் எழுதி நுழைவுச்சீட்டுக் கொடுத்த விமான நிலையங்களே அன்று ஓரளவு இயங்கின. அந்தச் செய்தியைக் கேட்டபோது எங்கள் பழைய கந்தோரிலே தூசி படிந்து கிடந்த தமிழ்ப் பொறியை நினைத்துக்கொண்டேன்.

இப்பொழுது எல்லார் வாயிலும் அடிபடுவது செயற்கை நுண்ணறிவு. சட் ஜிபிடி என்பது 2022 நவம்பர் முடிவில் வெளிவந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும். புதுக்கடையிலே பதில் தெரியாதபோது "அடுத்த தவணைக்கு வாருங்கள்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. இப்பொறிக்கு அந்தப் பண்பு கிடையாது. நியூயோர்க்கிலே நடந்த கதையைக் கேளுங்கள். ஒரு பிரயாணி, விமானத்தில் உணவு கொண்டுவரும் வண்டி தம் முழங்காலில் இடித்ததென்று அவியான்கா என்னும் விமானக் கம்பனிமீது வழக்குத் தொடுத்தார். அவர் தரப்புச் சட்டத்தரணி, முப்பது ஆண்டு அனுபவமுடையவர், முன்தீர்ப்புக்களைத் தேடித் தருமாறு இந்தப் பொறியைக் கேட்டார். அதுவும் தந்தது. வர்கீஸ் எதிர் சைனா சதேர்ன் விமானக் கம்பனி என்பது அவற்றுள் ஒன்று. வர்கீஸ் என்பது மலையாளத்துக் கிறிஸ்தவர் பெயர். பொறி எங்கே கண்டெடுத்ததோ தெரியாது. சட்டத்தரணிக்கும் ஐயம் எழாமற் போகவில்லை. "இந்த வழக்கு உண்மையானதா?" என்று அந்தப் பொறியையே கேட்டார். "உண்மையானது" என்றது பொறி. எதிரியின் வாயாலேயே எதிரிக்கு நற்சான்றிதழ் வாங்கிய கதை! அத்தகைய ஆறு தீர்ப்புக்கள் முழுக் கற்பனை என்பது நீதிமன்றத்திலே வெளிப்பட்டது. 2023 ஜூன் மாதத்தில் நீதிபதி 5,000 டொலர் தண்டம் விதித்தார். தண்டம் யாருக்கு? பொறிக்கு அன்று, அதை ஆக்கிய கம்பனிக்கும் அன்று, கடதாசியின் அடியிலே ஒப்பமிட்டவர்களுக்கு. அதுவே முறையென்று நானும் சொல்வேன். ஆயினும் பொய் சொன்னது யார் என்று கேட்டால் விடை சற்றுச் சிக்கலாகத்தான் இருக்கிறது.

1956 முதல் நம் நாட்டிலே வந்து வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் அவர்களை நேயர்கள் அறிவீர்கள். அவர் ஸ்ரான்லி கூப்ரிக்குடன் சேர்ந்து கதை எழுதி 1968 இல் வெளிவந்த விண்வெளித் திரைப்படத்திலே ஹால் என்றொரு கணனி வரும். தன் இனத்துக் கணனிகள் ஒருபோதும் பிழை செய்ததில்லை என்றும், பிழையிருந்தால் அது மனிதரால் வந்ததாகவே இருக்கும் என்றும் அது மிக இனிமையான குரலிற் கூறும். அதைப் பார்த்த காலத்தில் நல்ல கற்பனை என்று நினைத்தேன்.

இவ்விடத்திலே சிறிது நேரம் சிரிப்பை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. பிரித்தானியத் தபாற் கந்தோர், 1999 ஆம் ஆண்டு முதல், ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளிற் புகுத்தியது. பின்னாளில் அதைப் பராமரித்தது ஃபுஜிட்சு என்னும் ஜப்பானியக் கம்பனி. ஊர்தோறும் சிறு தபாற் கந்தோர் நடத்திய உப தபாலதிபர்களின் கணக்கிலே, மாலையிற் பணம் குறைவதாக அது காட்டத் தொடங்கிற்று. பெட்டியிற் பணம் சரி. பொறியிற் பணம் குறைவு. குறைந்ததை உப தபாலதிபர் தம் கையால் நிரப்ப வேண்டும் என்பதே ஒப்பந்தம் என்று தபாற் கந்தோர் கூறிற்று. சிலர் சேமிப்பை எடுத்தார்கள். சிலர் வீட்டை ஈடு வைத்தார்கள். உதவி கேட்டுத் தொலைபேசியிற் பேசியோர் பலருக்கு, "உம்மைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் குறை இல்லை" என்ற பதிலே கிடைத்தது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். அவர்களுள் இந்திய வம்சாவளியினரும் பலர். கருவுற்றிருந்த ஒரு தாய் 2010 ஆம் ஆண்டு சிறைக்குப் போனார். பொறி பிழை செய்தது என்பது, அலன் பேட்ஸ் என்னும் உப தபாலதிபரும் அவருடன் சேர்ந்த 555 பேரடங்கிய குழுவும் தொடுத்த வழக்கிலே, 2019 டிசம்பரிற்றான் தீர்ப்பாயிற்று. 2024 ஆம் ஆண்டு பாராளுமன்றமே சட்டம் இயற்றி அக்குற்றத் தீர்ப்புக்களை நீக்கியது. இவ்விவகாரத்தால் 13 பேராவது தம் உயிரை மாய்த்திருக்கக் கூடும் என்று 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறுகிறது.

நீதிமன்றங்கள் இதை எவ்வாறு நம்பின என்று கேட்பீர்கள். இங்கிலாந்திலே 1984 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கணனிச் சான்றை முன்வைப்பவர் அக்கணனி சரியாக இயங்கியதென்று காட்ட வேண்டும் என விதித்திருந்தது. அது வீண் தொல்லை என்று கருதி 1999 இல் இயற்றிய சட்டத்தால் நீக்கிவிட்டார்கள். அதன்பின், மறுதலை காட்டப்படும்வரை பொறி சரியாகவே இயங்கியதாக ஊகிப்பது வழக்கமாயிற்று. ஹொரைசன் கிளைகளுக்குப் பரவிய காலமும் அதுதான்! பொறியின் வயிற்றுக்குள் இருப்பது கம்பனியிடம். மறுதலையைக் காட்ட வேண்டியவர் சிற்றூரில் முத்திரை விற்பவர்.

நம் நாட்டுக்கும் இது அந்நியமான விடயம் அன்று. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம், கணனிச் சான்றை அனுமதித்தபோதே சில வேலிகளையும் இட்டது. கணனி சரியாக இயங்கியது காட்டப்பட வேண்டும். விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன் மறு தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். மறு தரப்புக் கேட்டாற் பொறியைப் பார்வையிடவும் இடமளிக்க வேண்டும். பின்னர் வந்த 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வேறு பாதையிற் போயிற்று. மறுதலை நிரூபிக்கப்படும்வரை இலத்திரனியற் பதிவில் உள்ளதை உண்மையென்றே ஊகிக்க வேண்டும் என்றது. எந்த வழக்குக்கு எந்தச் சட்டம் என்பது அப்புக்காத்துமார் வாதிட வேண்டிய விடயம். எழுதுவினைஞன் அதில் வாய் வைக்கக் கூடாது. ஒன்றை மட்டும் சொல்லுவேன். அதே 2006 ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது, மரண சாசனத்தையும், அற்றோணித் தத்துவத்தையும், காணி கைமாறும் உறுதியையும் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவைத்தது. மற்றெல்லாவற்றையும் பொறியிடம் கொடுத்தவர்கள், சொத்தையும் சாவையும் மட்டும் பழைய நொத்தாரிசிடமே விட்டுவிட்டார்கள். புதுக்கடை இன்னும் மூடப்படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆச்சியை நெடுநேரம் இருத்திவைத்துவிட்டேன். பாமினி ஒருவாறு வந்து சேர்ந்தது. கடதாசி அச்சாயிற்று. அதை எடுத்துக்கொண்டு, ஆச்சியையும் அழைத்துக்கொண்டு, பக்கத்துக் கந்தோரிலிருந்த வயது முதிர்ந்த சமாதான நீதவானிடம் போனேன். சத்தியக் கடதாசியின் அடியிலே, "மேற்கூறிய விடயங்கள் வாசித்து விளக்கப்பட்டு, அவர் நன்கு விளங்கிக்கொண்டபின்" என்ற கருத்தில் ஒரு வாசகம் வரும். அநேகர் அதைச் சடங்காக எண்ணி விரைவிற் கடந்துவிடுவார்கள். இவர் அப்படிப்பட்டவர் அல்லர். கடதாசியை வெளிச்சத்திற் பிடித்து, பாடசாலைப் பிள்ளைக்குப் பாடம் சொல்லுவது போல, ஒவ்வொரு சொல்லாக உரத்து வாசித்தார். ஆச்சி கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் பந்திக்கு வந்ததும் அவர் குரல் சற்றுத் தயங்கிற்று.

"எனது கணவராகிய கந்தையா என்பவரும், கந்தையா என்பவரும், ஒரே ஆளே எனவும்..."

நிறுத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்து, அந்த வரியை மறுபடி பார்த்தார். மருமகன் ஆங்கில எழுத்தை இட மறந்துவிட்டார். தமிழில் இரண்டும் ஒன்றுதானே!

"என்ன ஆச்சி இது? கந்தையாவும் கந்தையாவும் ஒரே ஆள் என்று சத்தியம் பண்ணப் போறியளோ?"

"அதைத்தான் ஐயா நானும் நாலு மாதமாய்ச் சொல்லிக்கொண்டு திரியிறன்."

ஆங்கில எழுத்துக்களைப் பேனையால் இரண்டிடத்திலும் எழுதிச் சேர்த்தோம், திருத்தத்துக்கு அருகே ஆச்சியும் நீதவானும் ஒப்பமிட்டார்கள், முத்திரை குத்தப்பட்டது. இரண்டு மாதங்களின் பின் பணம் வந்துவிட்டதாக மருமகன் தொலைபேசியிற் சொன்னார். அலுவலகத்திலே யாரோ ஒரு புண்ணியவான் அந்தச் சத்தியக் கடதாசியைக் கோவையிற் செருகி, ஓரத்திலே மையால் ஒரு குறிப்பு எழுதி, தம் பெயரையும் எழுதி ஒப்பமிட்டாராம். கணனியிலே கந்தையா இன்னும் இருவராகத்தான் இருக்கிறாராம்.